தோற்றுப்போன ட்ரீம்காஸ்ட்டை மறுபடி ஓடவைக்க

சேகா நிறுவனத்தின் பழைய வீடியோ கேம் கருவியான ட்ரீம்காஸ்ட் ஒன்று கைக்கு வந்தால் உடனே பிளக்கில் செருகாதீர்கள். கவிழ்த்துப் பிடித்து, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். எச்.கே.டி-3000 என்றிருந்தால் ஜப்பான் கருவி, 100 வோல்ட். 3020 என்றால் வட அமெரிக்கா, 120 வோல்ட். 3030 என்றால் ஐரோப்பா, 220 முதல் 240 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். பின்னால் செருகும் ஒயர் பழைய ரேடியோக்களுக்கு வரும் அதே ரெட்டைத் துளை ஒயர்தான், எந்த நாட்டுக் கருவியிலும் கச்சிதமாக உட்காரும். ஆபத்தே அதில்தான். பொருந்துகிறதே என்று ஜப்பான் கருவியை நேரே செருகினால், உள்ளே ஏசி டிசியாக மாறும் இடத்தில் 325 வோல்ட் வரை ஏறும். 100 வோல்ட்டுக்குக் கட்டிய கெப்பாசிட்டர் அதைத் தாங்காது. 'டப்' என்று ஒரு சத்தம், மீன் வாடை மாதிரி ஒரு வாடை, அதோடு பவர் போர்டு முடிந்தது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் கிடைக்கும் ட்ரீம்காஸ்ட் எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் கொண்டுவந்தது இருக்கும், கோலாலம்பூர் கடையில் வாங்கியது இருக்கும், பழைய சாமான் கடையில் எடை போட்டுக் கொடுத்ததும் இருக்கும். விற்பவர் "ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்பார். அதை நம்பலாம். வோல்ட்டைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம், லேபிளை நம்புங்கள்.

ஜப்பான் கருவியானால் 230-ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அமெரிக்கக் கருவிக்கு 110 அல்லது 120. கருவி இழுப்பது 30 வாட்டுக்கும் குறைவு, ஆகவே 50 வாட் டிரான்ஸ்பார்மர் தாராளம். கையில் எடுத்தால் கனமாக இருக்கவேண்டும், அதாவது உள்ளே செம்புக் கம்பிச் சுருள் இருக்கவேண்டும். முடி உலர்த்திக்கென்று பயணிகளுக்கு விற்கும் லேசான பெட்டிகள் கூடாது. அவை மின்சார அலையை வெட்டித் தருபவை, ட்ரீம்காஸ்ட் பவர் போர்டுக்கு ஒத்துவராது.

ஏன் தோற்றது, ஏன் மறக்கவில்லை

ட்ரீம்காஸ்ட் ஜப்பானில் 1998 நவம்பர் 27 அன்று வந்தது. அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9, விலை 199 டாலர். உற்பத்தியை நிறுத்துவதாக 2001 ஜனவரி 31 அன்று சேகா அறிவித்தது, மார்ச்சோடு கதை முடிந்தது. உலகம் முழுக்க விற்றது சுமார் 91 லட்சம். அதை எதிர்த்து வந்த பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கும் மேல்.

திருட்டு சிடிதான் கொன்றது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். பாதி உண்மைகூட இல்லை. சிப் மாற்றாமலே எழுதிய சிடியை ஓட்டும் வழி 2000-இன் நடுவில்தான் வெளியே வந்தது. அதற்குள் சேகாவின் கைக்காசு கரைந்துவிட்டது. சேகாவின் முந்தைய கருவி சாட்டர்னில் வந்த நஷ்டம், அதற்கும் முந்தைய மெகா டிரைவில் செருகும் 32எக்ஸ் என்ற வீண் துணைக்கருவி, இவற்றில் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு விளையாட்டும் செய்யவில்லை. பிளேஸ்டேஷன் 2 டிவிடி படமும் போட்டுக் காட்டியது, ட்ரீம்காஸ்ட்டின் ஜிடி-ரோம் வட்டில் ஒரு ஜிகாபைட்தான் கொள்ளும், டிவிடி அதற்குத் தெரியாது. ஒரே பெட்டியில் படமும் விளையாட்டும் என்றால் குடும்பத் தலைவர் எதற்குக் காசு எடுப்பார்?

ஆனாலும் மறக்கவில்லையே என்றால், காரணம் கருவிக்குள்ளேயே இருக்கிறது. சேகாவின் நவோமி ஆர்கேட் இயந்திரமும் ட்ரீம்காஸ்ட்டும் ஏறக்குறைய ஒரே உடம்பு: 200 மெகாஹெர்ட்ஸ் ஹிட்டாச்சி எஸ்.எச்-4 மூளை, பவர்விஆர் 2 கிராபிக்ஸ். ஈப்போவுக்குப் பஸ் ஏறிப்போய் டோக்கன் போட்டு ஆடிய வகை விளையாட்டு, வெட்டுக்குறைப்பு இல்லாமல் வீட்டு டிவிக்கு வந்தது. முன்பக்கம் நான்கு கன்ட்ரோலர் துளை. பிளேஸ்டேஷன் 2-இல் இரண்டுதான், நான்கு பேர் ஆட வேண்டுமென்றால் தனியாக ஒரு பெட்டி வாங்கவேண்டும். பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் தீபாவளிக்கு வந்து குவியும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரியது. இதோடு, ஒரு ஸ்குருடிரைவர் வைத்திருக்கும் எவரும் திறந்து சரிசெய்யக்கூடிய உள்கட்டு. மிச்சக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

திறப்பது

ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, கால் மணி நேரம் விடுங்கள். பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பக்கவாட்டில் மோடம் தனித் துண்டாக இருக்கிறது, அதன் கொக்கியை அழுத்தி வெளியே இழுங்கள். அடியில் மொத்தம் நான்கு பிளஸ் ஸ்குரு, அதில் ஒன்று மோடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு மூடியை நெம்பி உடைத்தவர்கள் நிறைய. மோடம் தொலைந்துபோன கருவியில் அந்த நான்காவது ஸ்குருவும் பெரும்பாலும் இருக்காது. யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

நிமிர்த்தி வைத்து மூடியைத் தூக்கினால் எல்லாம் கண்ணெதிரே: வட்டு டிரைவ், பவர் போர்டு, முன்னால் சிறிய கன்ட்ரோலர் போர்டு, விசிறி. மூடி திறந்திருக்கும்போது கரண்ட் கொடுக்காதீர்கள். பவர் போர்டின் 230 வோல்ட் பக்கத்துக்கு மேலே கவசம் எதுவும் இல்லை.

எறும்புக் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தோட்டத்து வீட்டில் வருஷக்கணக்கில் கிடந்த கருவியில் எறும்போ கரப்பான் முட்டையோ இருப்பது அதிசயமில்லை. பல்லி எச்சம் தகட்டில் பட்டால் பச்சையாகப் பூத்துவிடும். உலர்ந்த தூரிகையால் தட்டி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு துடைக்கவும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் தண்ணீர், காயாமல் கரண்ட் கொடுத்தால் வம்பு.

நடுவில் ரீசெட் ஆகிறதா

இந்தக் கருவியின் தலையாய நோய் இது. ஆடிக்கொண்டிருக்கும்போதே நின்று, சுழல் சின்னம் வந்து, மெனுவுக்குத் திரும்பிவிடும். சூடானபின் அடிக்கடி வரும். வட்டு கெட்டது, லேசர் கெட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி வேறு.

பவர் போர்டிலிருந்து தாய்ப்பலகைக்கு ஆறு ஊசிகள் வழியாகத்தான் 3.3, 5, 12 வோல்ட் போகின்றன. ஊசி பலகையில் நிற்கும், அதன் கூடு பவர் போர்டில் இருக்கும். இருபது வருஷ சூட்டிலும் நம் ஊர் ஈரத்திலும் ஊசிமேல் கறுப்புப் படலம் பிடிக்கும், கூட்டின் பிடியும் தளர்ந்துபோகும். தொடும் இடத்தில் தடை கூடினால் 3.3 வோல்ட் ஒரு கணம் சரியும், மூளை உடனே ரீசெட் ஆகும்.

பவர் போர்டைப் பிடித்திருக்கும் ஸ்குருக்களைக் கழற்றி, இரு பக்கமும் சமமாகப் பிடித்து நேர் மேலே தூக்குங்கள். ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஊசி வளைந்துவிடும். ஆறு ஊசியையும் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் பஞ்சு வெள்ளையாகத் திரும்பும்வரை தேயுங்கள். படலம் போகாவிட்டால் பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, மறுபடி ஆல்கஹால். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். பிறகு ஒவ்வொரு ஊசியையும் சிறிய சாமணத்தால் ஒரே திசையில் ஒரு மயிரிழை சாயுங்கள், கூட்டுக்குள் இறுக்கமாக உட்காரத்தான். கண்ணுக்குத் தெரியும் அளவு சாய்த்தால் அதிகம். முன்னும் பின்னும் ஆட்டினால் முறிந்துவிடும், முறிந்த ஊசியை மாற்ற பலகையை முழுதாகக் கழற்றவேண்டும்.

பத்தில் எட்டுக்கு இதுவே போதும் என்று தாராளமாகச் சொல்லலாம். அப்படியும் ரீசெட் ஆனால், ஊசிகளின் வேரில் ஈயம் வெடித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஊசியைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடு தெரிந்தால் புது ஈயம் வைத்து மறுபடி உருக்கவேண்டியதுதான்.

கன்ட்ரோலர் வேலை செய்யவில்லையா

ஒரு துளை மட்டும் செத்திருந்தால் அழுக்கு. நான்கும் ஒருசேர செத்திருந்தால் கன்ட்ரோலர் போர்டில் எஃப்1 என்று எழுதியிருக்கும் ஃபியூஸ் போயிருக்கும். பார்க்க ரெசிஸ்டர் மாதிரி இருப்பதால் ஃபியூஸ் என்றே பலருக்குத் தெரியாது. கருவி ஓடும்போதே கன்ட்ரோலரைச் செருகி எடுப்பதும், நாய் கடித்த ஒயரில் உள்கம்பிகள் உரசுவதும் அதைக் கொல்லும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள். முடிவிலி காட்டினால் செத்தது.

பதிலுக்கு கம்பித் துண்டை வைத்து நேரே இணைத்துவிடும் பழக்கம் பழுது கடைகளில் உண்டு. வேலை செய்யும். ஆனால் அடுத்த முறை ஒயர் உரசினால் ஃபியூஸ் இல்லாததால் பலகையே எரியும். தானாக மீளும் பாலிஃபியூஸ், 500 மில்லிஆம்பியர், போடுங்கள். ஈப்போ உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். புதிது போடுமுன் நான்கு கன்ட்ரோலர் ஒயரையும் மீட்டரில் சோதிக்காவிட்டால் இரண்டாவது ஃபியூஸும் அதே வழியில் போகும்.

அதே போர்டில்தான் கடிகார பேட்டரி. ஒவ்வொரு முறையும் தேதி நேரம் கேட்டால் அது தீர்ந்துவிட்டது. நேரே ஈயம் வைத்து ஒட்டிய எம்.எல்.2032, ரீசார்ஜ் ஆகும் வகை. கடையில் சுலபமாகக் கிடைப்பது சி.ஆர்.2032, உருவம் அச்சாக அதுவே. அதை இங்கே போடாதீர்கள். பலகை அதற்குள் கரண்ட் ஏற்றப் பார்க்கும், ரீசார்ஜ் ஆகாத லித்தியம் பேட்டரி வீங்கி ஒழுகும். எம்.எல்.2032-ஐ இணையத்தில் வாங்குங்கள், கூடவே 20 மில்லிமீட்டர் பேட்டரிக் கூடு ஒன்றும். பழையதன் பிளஸ் பக்கம் எது என்று குறித்துவைத்து, சோல்டரிங் இரும்பை 350 டிகிரியில் வைத்துக் கழற்றி, கூட்டை ஒட்டிவிட்டால் அடுத்த முறை இரும்பே தேவையில்லை. மைனஸ் கால் மட்டும் உருக நேரம் எடுக்கும், அது பலகையின் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்தது. பொறுமையாகச் சூடேற்றுங்கள், பிடுங்கினால் தடமே கையோடு வந்துவிடும்.

கன்ட்ரோலரைப் பற்றி ஒரு நல்ல செய்தி. இப்போதைய கன்ட்ரோலர்களில் ஸ்டிக் தானாக ஒரு பக்கம் நகரும் தொல்லை இருக்கிறதே, ட்ரீம்காஸ்ட்டில் அது இல்லை. ஸ்டிக்கும் விரல் டிரிக்கரும் காந்தத்தால் இயங்குபவை, ஒன்றோடொன்று உரசித் தேயும் தடம் உள்ளே கிடையாது. 1998-இல் செய்ததை இன்றைய பெரிய நிறுவனங்கள் பல செய்யவில்லை என்பது வேடிக்கைதான். பவர் போடும்போது ஸ்டிக்கைத் தொடாதீர்கள், அந்த நிலையையே நடுவென்று கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

வட்டு படிக்கவில்லை என்றால்

டிரைவ் போடும் 'கர்ர் கர்ர்' சத்தம் நோயில்லை, பிறவிக் குணம். லென்ஸை ஆல்கஹால் பஞ்சால் நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். லேசர் ஓடும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் மெழுகாகியிருந்தால் சுரண்டி எடுத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு துளி. சமையல் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ வேண்டாம், சூட்டில் வழிந்து லென்ஸில் ஏறும்.

லேசர் அருகில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பினால் படிக்கும் என்று எங்கும் சொல்வார்கள். படிக்கும்தான், லேசரின் மிச்ச ஆயுளைச் செலவழித்து. எல்லாம் பார்த்தபின் கடைசியாகத் தொடவேண்டிய இடம் அது. முதலில் மீட்டரில் இருக்கும் ஓம்ஸை எழுதிவைத்துக்கொண்டு, கடிகார முள் இரண்டு நிமிடம் நகரும் அளவுக்கு மேல் ஒருமுறைக்குத் திருப்பாதீர்கள்.

எழுதிய சிடியும் எஸ்டி கார்டும்

மில்-சிடி என்று இசை வட்டுகளுக்கு ஒரு வகையை சேகா விட்டிருந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் சாதாரண சிடி-ஆர் ஓடுகிறது. இன்றும் தனி ஆட்கள் புது விளையாட்டு செய்து வெளியிடுவது இதை நம்பித்தான், காலிஸ்டி-ஓஎஸ் என்ற இலவசக் கருவித்தொகுப்பு அவர்களுக்குத் துணை. 700 மெகாபைட் சிடி-ஆர் வாங்கி, எழுதும் மென்பொருள் தரும் மிகக் குறைந்த வேகத்தில் எழுதுங்கள். டிவிடி-ஆர் எந்தக் காலத்திலும் ஓடாது. உற்பத்தியின் கடைசியில் வந்த கருவிகளில் சேகா அந்தக் கதவை அடைத்துவிட்டது. லேபிளில் வட்டத்துக்குள் 2 என்றிருந்தால் சிடி-ஆர் வாங்கவே வேண்டாம். 1 என்றிருந்தால் பெரும்பாலும் ஓடும்.

டிரைவ் உயிரே விட்டுவிட்டால் அதைக் கழற்றி, அதே இடத்தில் ஜிடிஇஎம்யு போர்டு போட்டு எஸ்டி கார்டில் ஓட்டலாம். வட்டத்தில் 1 இருக்கும் கருவிக்குத்தான் அது. கார்டு எஃப்ஏடி32 வடிவில், 01 என்ற ஃபோல்டரில் மெனு, 02 முதல் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு விளையாட்டு. உங்களிடம் வட்டு இருக்கும் விளையாட்டுகளை ஏற்றிக்கொள்ளுங்கள். டிரைவ் போனால் 12 வோல்ட்டை இழுக்க ஆளில்லாமல் பவர் போர்டு வழக்கத்தைவிடச் சூடாகும். விசிறியைத் தூசி எடுக்காமல் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

டிவி

மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர் இருக்கும் பழைய டிவியில் நேரே ஓடும். ஐரோப்பிய விளையாட்டு 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று கேட்டால் 60, இல்லையென்றால் மெதுவாக ஓடும். துப்பாக்கி விளையாட்டுகளுக்குப் பழைய பெரிய முதுகு டிவிதான் வேண்டும், தட்டை டிவியை அந்தத் துப்பாக்கிக்கு அடையாளமே தெரியாது. அதனால் பழைய டிவியை வீசுவதற்குமுன் யோசியுங்கள்.

தட்டை டிவிக்கு விஜிஏ பெட்டி வாங்கி, அதிலிருந்து எச்டிஎம்ஐ. 1998-இல் வந்த வீட்டுக் கருவி 480 வரி முழுப் படத்தை விஜிஏ-வில் கொடுத்தது, இன்று பார்த்தாலும் கூர்மை குறையவில்லை. மஞ்சள் ஒயரை எச்டிஎம்ஐ-ஆக மாற்றும் மலிவுப் பெட்டியை இதற்கு வாங்காதீர்கள், எழுத்தெல்லாம் மங்கிவிடும். டிவியில் கேம் மோட் போட்டு, படத்தை 4:3-இல் வையுங்கள். சில விளையாட்டு விஜிஏ-வை ஏற்காது, அவற்றுக்குப் பழைய ஒயர்தான்.

நான்கு பேருக்கு என்ன போடலாம் என்றால், பவர் ஸ்டோன் 2, சூசூ ராக்கெட், விர்ச்சுவா டென்னிஸ். முதல் இரண்டையும் ஆடத் தெரியாத சித்தியும் ஐந்து நிமிடத்தில் ஆடிவிடுவார். இருவருக்கு சோல் காலிபர். தனியாளுக்கு கிரேசி டாக்சி, ஜெட் செட் ரேடியோ. ஷென்மூ பொறுமைசாலிகளுக்கு, மழைநாளில்.

எடுத்துவைக்கும்போது

விஎம்யு என்ற மெமரி கார்டில் சொந்தத் திரையும் பட்டனும் உண்டு, கன்ட்ரோலர் ஜன்னல் வழியாகத் தெரியும், எதிராளிக்குக் காட்டாமல் ஆட்டத் திட்டம் போட அது உதவும். அதற்கு சி.ஆர்.2032 இரண்டு வேண்டும், இங்கே அதுதான் சரி. தீர்ந்துபோனால் கருவி தொடங்கும்போது 'பீ' என்று கத்தும், ஆனால் சேமித்தது அழியாது. ஆகவே மாதக்கணக்கில் ஆடாமல் வைப்பதானால் இரண்டையும் கழற்றிவிடுங்கள், உள்ளேயே கசிந்தால்தான் நஷ்டம்.

இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை மட்டும் தட்டினால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள், டிவியின் ஏரியல் ஒயரையும் சேர்த்து. கிந்தா பள்ளத்தாக்கில் மத்தியான இடி எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது. தகரக் கூரையின் கீழ் அலமாரி உச்சியில் வைத்தால் பகல் சூட்டில் பிளாஸ்டிக் மஞ்சளாகும், ரப்பர் பட்டன் ஒட்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு, தரைக்கு ஒரு அடி மேலே வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடேற்றிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிடுங்கள், கடிகார பேட்டரியும் அதில் கொஞ்சம் கரண்ட் ஏற்றிக்கொள்ளும்.